2147483647: எல்லோருக்கும் ஒரே எண்

1

எனக்கு வந்து சேர வேண்டிய ஒரு நன்றி, வழி மாறி இன்னொருவருக்குப் போய்விட்டது. அதை வாங்கிக்கொண்ட பெண்மணி 'நமக்கென்ன' என்று இருந்துவிடாமல், என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, வாசலில் நின்றபடியே ஒப்படைத்தார். இந்தக் கதை அங்கே பிறந்தது.

பதிலுக்கு ஒரு கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் படித்த சின்ன ஊர்ப் பள்ளியில் கடிதம் என்றால் பொருள், விவரம், வேண்டுகோள் என்று எண் போட்டுப் பிரித்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது. தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரருக்கு எழுதினாலும் இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் 'பெறுநர்' என்ற இடத்திலேயே தடுக்கி விழுந்தது. நன்றி சொல்ல வேண்டியவர்களில் ஒருவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பது மருத்துவமனை விதி. ஆகவே கடிதம் கதையாகிவிட்டது. எண்கள் மட்டும் பழக்கதோஷத்தால் நிற்கின்றன.

விவரம்: என் தங்கை இறந்தபோது அவளுடைய கண்களைக் கொடுத்தோம். ஒரு கண் வேறு ஊர் மருத்துவமனைக்குப் போனது. இன்னொன்று இங்கேயே ஒருவருக்கு. அந்த ஒருவர் யார் என்பது, மருத்துவமனைக்கு வெளியே, அந்தப் பெண்மணிக்கு மட்டும்தான் தெரியும். அவரிடம் கேட்பதா, வேண்டாமா? கதை இவ்வளவுதான். நடுவில் ஒரு பெரிய எண் வரும். பயப்பட வேண்டாம், வகுக்கத் தெரிந்தால் போதும்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: 'அந்த எண்ணுக்கு ஒரு குரல் இருந்தது, அந்தக் குரலுக்கு ஒரு தையல் இயந்திரம்...' மேலே போகவில்லை. இப்படி ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்கே கொட்டாவி வரும்.

இரண்டாவது: '2147483647 ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது.' மருமகள் எட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். "மாமா, உண்மைதான். ஆனா இதைப் படிச்சவங்க ரெண்டாவது வரிக்கு வர மாட்டாங்க. எனக்கே ஆபீஸ் ஞாபகம் வருது" என்றாள்.

மூன்றாவது: 'என் தங்கை இறந்துவிட்டாள்.' இதற்கு அடுத்த வரி ஒரு வாரமாகியும் வரவில்லை. எனவே அதைத் தொடக்கத்திலிருந்து எடுத்து, உங்களுக்கு உறுத்தாத இடத்தில், இங்கே வைத்திருக்கிறேன்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில், தனக்கென்று தனி பிரேக்கோடு உட்கார்ந்து, "கண்ணாடியைப் பாரு, கண்ணாடியைப் பாரு, உன் மூஞ்சியை இல்ல, பின்னாடி வர்ற லாரியைப் பாரு" என்று கத்துவாள். இந்த ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் உரிமம் வாங்கினார்கள். கண் தானத்துக்கு அவள் எழுதிக் கொடுத்த அன்று, சாட்சிக் கையெழுத்துப் போட நான் கொஞ்சம் தயங்கினேன்.

"ஏண்ணா, மேல போய் நான் என்ன வண்டியா ஓட்டப் போறேன்? அங்க லைசென்ஸ் கேக்க மாட்டாங்க. நீ கையெழுத்தைப் போடு" என்றாள்.

3

இனி அந்த எண்.

கண் மருத்துவமனையில் புதிதாக ஒரு மென்பொருள் போட்டார்கள். நோயாளியின் பெயர், விலாசம், தொலைபேசி எண் எல்லாம் அதற்குள். தொலைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் போட்டவர், தொலைபேசி எண்ணும் ஒரு எண்தானே, கூட்டிக் கழிக்கிற எண்ணைப் போலவே வைத்துவிடலாம் என்று நினைத்துவிட்டார். அங்கேதான் வினை.

இது எனக்கு லேசில் புரியவில்லை. மருமகள் மேஜை மேல் தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டினாள்.

"மாமா, ஒரு எண்ணை வைக்க கம்ப்யூட்டர் முப்பத்திரண்டு அறை கொடுக்குது. ஒவ்வொரு அறையிலயும் ஒரு விளக்கு. எரியும், இல்லன்னா அணைஞ்சிருக்கும். ஒரு அறை கூட்டலா கழித்தலான்னு சொல்றதுக்குப் போயிடும். மிச்சம் முப்பத்தொண்ணு. அத்தனையும் எரிஞ்சா வர்ற எண் எது?"

"நீயே சொல்லு."

"ரெண்டை முப்பத்தொரு தடவை எழுதிப் பெருக்கி, ஒண்ணைக் கழிங்க. இருநூத்திப் பதினாலு கோடியே எழுபத்திநாலு லட்சத்து எண்பத்திமூவாயிரத்து அறுநூத்தி நாப்பத்தேழு. அதுதான் கூரை. அதுக்கு மேல பெரிய எண்ணைக் கொடுத்தா, சில மென்பொருள் 'இடமில்ல'ன்னு சத்தம் போடும். சிலது வாயே திறக்காம கூரையையே எழுதிடும்."

மருத்துவமனையுடையது வாயைத் திறக்காத ஜாதி. எங்கள் ஊரில் முக்கால்வாசி எண்கள் ஏழிலும் எட்டிலும் ஒன்பதிலும் தொடங்குபவை. எல்லாம் கூரைக்கு மேலே. ஆகவே தொண்ணூறு வயதுக்காரருக்கும், நேற்றுக் கண்ணாடி வாங்கியவருக்கும், எனக்கும் எண் ஒன்றே: 2147483647.

(இங்கே வாசகர் கை தூக்குவார்: 'அதெப்படி, அந்த எண் அதே ஊரில் ஒருவருக்கு இருக்கும்?' நானும் கேட்டேன். பழைய வரிசை எண்கள் அப்படித்தான் தொடங்கும். வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தால் யார் தலையிலாவது விழுந்துதானே ஆக வேண்டும்? உங்கள் ஊரிலும் யாரிடமாவது இருக்கலாம். பாவம், கூப்பிட்டுத் தொல்லை செய்யாதீர்கள்.)

4

எங்கள் ஊரில் அது விழுந்தது ஜன்னல் திரை தைக்கும் ஒரு பெண்மணியின் தலையில். என்னைவிட இளையவர், ஆனாலும் ஊரோடு ஒத்து நானும் 'கர்ட்டன் அக்கா' என்றே எழுதுகிறேன். கடைப் பலகையில் அந்த எண்தான் இருக்கிறது. தெரியாத அழைப்பு என்று ஒதுக்க முடியாது. தெரியாத அழைப்புதான் அவருக்கு வாடிக்கையாளர்.

மென்பொருள் வந்த வாரம் முழுக்க அவருக்குப் போன் ஓயவில்லை.

"உங்க கண்ணாடி ரெடி. வந்து வாங்கிக்கோங்க."

"கண்ணாடி ஜன்னலா? எத்தனை அடி அகலம்?"

"சொட்டு மருந்தை நிறுத்திடாதீங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"யாருக்குப்பா?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு ஊசியில நூல் கோக்கிற கண்ணு. போட்டா வீணாயிடும்."

ஏன் மருத்துவமனைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னாராம். 'தப்பு நம்பர்' என்று ஒவ்வொரு முறையும் சொன்னாராம். அவர்களும் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டு, அந்த ஒரு நோயாளியின் எண் மட்டும் தவறு என்று குறித்துக்கொண்டார்களாம்.

5

ஞாயிற்றுக்கிழமை. என் தங்கை இறந்ததற்கு மறுநாள். இதை நான் பார்க்கவில்லை; கர்ட்டன் அக்கா எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னது. சொன்னபடியே எழுதுகிறேன்.

மருத்துவமனைப் பதிவு மேஜையில் அன்று ஒரே ஒரு பெண், வேலைக்குப் புதிது. திரையில் பெயரைத் தொட்டால் போதும், எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, அழைப்பு தானே போகும். காத்திருப்போரில் முதல் பெயரைத் தொட்டாள்.

"கண் மருத்துவமனையிலேருந்து பேசறோம். உங்களுக்குக் கருவிழி வந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள வந்து சேந்துடணும்."

"எனக்கா? தப்பு நம்பர்மா."

முதல் ஆள் கிடைக்காவிட்டால் அடுத்தவருக்கு. இரண்டாவது பெயரைத் தொட்டாள்.

"உங்களுக்குக் கருவிழி..."

"திரும்பவும் நான்தாம்மா."

மூன்றாவது.

"வணக்கம், உங்களுக்கு..."

"அதே கருவிழியா?"

"அம்மா, நீங்க ஏம்மா எடுக்கறீங்க? நான் வேற ஒருத்தரைக் கூப்பிடறேன்!"

"அடிக்குது, எடுக்கறேன். கடை போன். எடுக்கலன்னா எனக்குச் சோறு யாரு போடுவா?"

"இது மூணு பேரோட நம்பர்!"

"மூணு பேரு என் கடையில இல்ல. நான் ஒருத்தி, மெஷின் ஒண்ணு." அப்போதுதான் அக்காவுக்குப் பொறி தட்டியிருக்கிறது. "ஏம்மா, அந்த மூணு நம்பரையும் எனக்குப் படிச்சுக் காட்டு."

அந்தப் பெண் படித்தாள். இரண்டு, ஒன்று, நான்கு, ஏழு. அடுத்தவருக்கும் இரண்டு, ஒன்று, நான்கு, ஏழு. மூன்றாமவருக்கு வரும்போது குரல் உடைந்துவிட்டது.

"அழுதா நம்பர் மாறாதும்மா. விலாசம் இருக்கா?"

"இருக்கு. ஆனா வெளியாளுக்குச் சொல்லக் கூடாது."

"சரி, நீ போய்க் கூட்டிட்டு வா."

"மேஜையை விட்டுப் போக முடியாது. பெரியவங்க யாரும் போனை எடுக்கல. டாக்டர் உள்ளே ஆபரேஷன்ல இருக்காரு."

"அப்போ அந்தக் கண்ணு?"

[இந்த இடத்தில் பதிவுப் பெண்ணின் மனத்தில் என்ன ஓடியது என்று பலமுறை எழுதிப் பார்த்தேன். 'விதியா, மனிதமா என்று அவள்...' சே. 'கடிகாரம் ஓடிக்கொண்...' எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவள் நிறைய நேரம் எடுத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் அக்கா சொன்னார்.]

அவள் பட்டியலில் முதல் ஆளின் தெருப் பெயரைச் சொன்னாள். வீட்டு எண்ணையும் சொன்னாள்.

அளவு நாடா கழுத்தில் தொங்க, அக்கா கடையை இழுத்துச் சாத்திவிட்டு ஓடினார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்து, உறவுக்காரர் வீட்டில் பிடித்து, வண்டியில் ஏற்றியாயிற்று. பாதி வழியில்தான் அந்த ஆள் கேட்டாராம்:

"நீங்க ஆஸ்பத்திரியா?"

"இல்ல, கர்ட்டன்."

6

'அந்த ஆள்' என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். அக்கா எங்களிடம் "ஒருத்தங்க" என்று மட்டும்தான் சொன்னார். ஆணா பெண்ணா, சிறுசா பெருசா, ஒன்றும் இல்லை. ஒரு கதைக்கு இது போதாதே என்று நானே ஓர் ஆளைச் செய்து பார்த்தேன்.

முதலில் ஒரு கடைசல் பட்டறைக்காரர். இரும்பைக் கண்ணால் அளப்பவர், பார்வை மங்கி வேலை போகும் நிலை. நன்றாகத்தான் வந்தது. ஆனால் இரண்டு பக்கத்துக்குள் அவர் என்னைப் போலவே பேச ஆரம்பித்துவிட்டார். அடித்தேன். பிறகு கல்யாணம் நிச்சயமான ஒரு பெண். மருமகள் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன் மாமா, நல்லவங்களுக்குத்தான் கண்ணு கிடைக்கணுமா? ஒளிஞ்சு சிகரெட் பிடிக்கறவர், பொண்டாட்டி பேச்சைக் கேக்காதவர், இவங்களுக்கெல்லாம் வேண்டாமா?"

"உன் அத்தை கண்ணுடி அது."

"அதான் சொல்றேன். அத்தை எல்லாரையும்தானே வண்டியில ஏத்திக்கிட்டாங்க."

அதோடு ஆள் செய்வதை நிறுத்திக்கொண்டேன். அவர் இந்தக் கதையில் முகமில்லாமலே இருப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

7

திங்கட்கிழமை மருத்துவமனையிலிருந்து ஒரு முதிர்ந்த குரல், கண் கொடுத்த குடும்பத்துக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டது. என்னைத்தான். என் எண் ஒன்பதில் தொடங்குவது. போன் எங்கே அடித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"குறுக்கே பேசலாம்னுதான் வாயைத் திறந்தேன்" என்றார் அக்கா. "ஆனா அவங்க பேசின பேச்சு அப்படி. பாதியில நிறுத்தினா பாவம்னு முழுசாக் கேட்டுட்டேன். அப்புறமாத்தான் 'இது யாருக்குங்க?'ன்னு கேட்டேன். உங்க பேரும் தெருவும் சொன்னாங்க. சொன்னதும் அவங்களுக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு."

அன்றைக்கே ஆட்கள் வந்து மென்பொருளைச் சரிசெய்துவிட்டார்கள். கொடுத்தவர் ஒரு பக்கம், பெற்றவர் ஒரு பக்கம், நடுவில் சுவர் என்று மருத்துவமனை கவனமாகக் காத்து வந்த இரண்டு விலாசங்களும், சரிசெய்வதற்கு முன்பே, ஒரு திரைச்சீலைக் கடையில் சந்தித்துவிட்டன.

செவ்வாய்க்கிழமை அவர் எங்கள் வாசலில் நின்றார்.

"டிரைவிங் சொல்லிக் கொடுப்பாங்களே, அவங்க அண்ணன் நீங்கதானே?"

"ஆமா. உள்ளே வாங்க."

"இருக்கட்டும். உங்களுக்கு ஒரு போன் வந்துச்சு. எனக்கு வந்துச்சு, ஆனா உங்களுக்கு. கண்ணு வச்சாச்சாம். நல்லபடியா இருக்காம். உங்க குடும்பத்துக்கு ரொம்ப ரொம்ப நன்றின்னு சொன்னாங்க. ரெண்டு 'ரொம்ப'. நான் சேர்க்கல."

என் மனைவி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து, தேநீர் கொடுத்தாள். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைக் கதை முழுவதும் வந்தது. சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே வந்தவர், "நான் கூட்டிட்டுப் போனவங்க நம்ம..." என்று சட்டென்று நிறுத்திக்கொண்டார். கோப்பையைக் கீழே வைத்தார். "கடை திறந்து கிடக்கு" என்று எழுந்துவிட்டார்.

அந்த 'நம்ம'வுக்குப் பிறகு என்ன? நம்ம தெருவா, நம்ம ஊர்ப் பக்கமா, நமக்குத் தெரிந்தவரா? அரைகுறையாக விட்ட என் வாக்கியங்களையெல்லாம் இந்தக் கதையில் தைரியமாகக் காட்டியிருக்கிறேன். அவருடைய இந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் அவை எல்லாம் விளையாட்டு.

8

கேட்டிருக்கலாம். கடை நடக்கிற தூரம்தான். நான் கேட்கவில்லை, வகுத்தேன்.

மருமகள் போகிற போக்கில் அது பகா எண் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் நம்பிவிடுவதா? பகல் சாப்பாடு ஆனதும் காகிதத்தோடு உட்கார்ந்துவிடுவேன். கடைசி இலக்கம் ஏழு. எனவே இரண்டும் ஐந்தும் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தாறு, மூன்று இல்லை. ஏழால் வகுத்தால் ஒன்று மீதி. பதினொன்றாலும் ஒன்று. பதின்மூன்றால் பத்து. பதினேழால் எட்டு. பத்தொன்பதால் இரண்டு. இப்படியே 46340 வரை உள்ள பகா எண்களையெல்லாம் பார்த்தால் போதும். அதற்கு மேல் ஒரு காரணி இருந்தால் அதன் ஜோடி அதற்குக் கீழே அகப்பட்டிருக்கும்.

(இங்கே 'மீதி' என்ற சொல்லையும் சாவையும் சேர்த்து ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. மருமகள் "வாழ்த்து அட்டை மாதிரி இருக்கு மாமா" என்றாள். எடுத்துவிட்டேன்.)

அவளே ஒரு நாள் என் தாள்களைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். "ஏழு, பதின்மூணு எல்லாம் எதுக்கு மாமா? இந்த எண்ணுக்கு ஒரு காரணி இருந்தா, அதை அறுபத்திரண்டால வகுத்தா ஒண்ணுதான் மீதி வரணும். அப்படி வர்ற முதல் பகா எண்ணே முன்னூத்திப் பதினொண்ணு." முந்நூற்றுப் பதினொன்றால் வகுத்தேன். முப்பத்தைந்து மீதி. இன்னும் ஒரு சலுகையும் உண்டாம். அதையும் சேர்த்தால் சோதிக்க வேண்டியவை நூறுக்குள் அடங்கிவிடும். கம்ப்யூட்டர் பிறக்காத காலத்தில், பார்வை மங்கிக்கொண்டிருந்த ஒரு கணித மேதை, இந்த வழியில்தான் இது பகா எண் என்று நிறுவினாராம். நான் செய்தது என்னவென்றால், கோயில் எந்தத் தெருவில் என்று கேட்காமல் ஊரில் இருக்கிற எல்லாக் கதவையும் தட்டியது.

இன்னொன்றும் சொன்னாள். ஆறு என்ற எண்ணின் காரணிகள், அதைத் தவிர, ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டினால் ஆறே வரும். இருபத்தெட்டும் அப்படி. கூடவும் செய்யாமல் குறையவும் செய்யாமல் தன்னையே தரும் இவற்றுக்கு நிறைவெண் என்று பெயர். நம் எண்ணைத் தனியாக விட்டால் யாரோடும் ஒட்டாது. இரண்டை முப்பது தடவை எழுதிப் பெருக்கி, அதோடு இதையும் பெருக்கினால் 2305843008139952128 வருகிறது. அது ஒரு நிறைவெண். இதைக் கேட்டு நான் ஏன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன் என்று தெரியவில்லை.

என் மனைவிக்குப் பொறுமை தீர்ந்தது.

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா தெரிஞ்சுடும். அதைக் கேக்கத் துப்பில்லாம இதைப் போட்டு வகுத்துக்கிட்டு இருக்கீங்க."

"கேட்டா அவங்க சொல்லிடுவாங்க."

"அதுக்குத்தானே கேக்கறது?"

"சொன்னதுக்கப்புறம், கண்ணு வாங்கினவங்களைத் தெருவில பார்க்கறப்பெல்லாம் நான் கண்ணைத்தானே பார்ப்பேன்? அவங்களுக்கு எப்படி இருக்கும்?"

அவள் என் தாள்களை அடுக்கி வைத்தாள். பிறகு, "எனக்கும் பார்க்கணும்போலத்தான் இருக்கு" என்றாள். அதுவரை அது என் ஒருவனுடைய பிரச்சினை என்று நினைத்திருந்தேன்.

9

முடிவுகள் இரண்டு தயாரித்தேன்.

அ) கேட்கிறேன், அக்கா சொல்கிறார், நான் போய் அந்த ஆளைப் பார்க்கிறேன், இருவரும் அழுகிறோம். இதை எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் அழுதது எனக்காக. யாருக்கோ கண் கொடுத்துவிட்டு, அதிலிருந்து தண்ணீரை வசூலிக்கப் போவானேன்?

ஆ) கேட்கிறேன், அக்கா மறுக்கிறார். இதில் பழி அவர் மேல் விழுகிறது. எனக்காக ஓடியவருக்கு நான் செய்யும் மரியாதை இதுவா?

இரண்டையும் கிழித்துவிட்டு, மாதங்கள் கழித்து, தங்கையின் அறை ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்ற காரணத்தோடு கடைக்குப் போனேன். காரணம் பொய்யல்ல, அந்த அறையில் சாயங்கால வெயில் சுள்ளென்று அடிக்கும். ஜன்னல் அளவை எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

"அளவு சரி. ஆனா ஜன்னல் அகலத்துக்கு ரெண்டு மடங்கு துணி வேணும். இல்லன்னா மடிப்பு விழாது, போர்வை தொங்கற மாதிரி இருக்கும்" என்றார் அக்கா. துணிகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். மேஜையில் போன் அடித்தது; எடுத்து, "எத்தனை ஜன்னல்?" என்று கேட்டு, எழுதிக்கொண்டு வைத்தார். எவ்வளவு அழகாகக் கேட்கிறார் என்று தோன்றியது. அவருக்கும், விதியை மீறித் தெருப் பெயரைச் சொன்ன அந்தப் பெண்ணுக்கும், கட்டத்தைச் சின்னதாகப் போட்ட அந்த முகம் தெரியாத மென்பொருள்காரருக்கும்கூட நான் கடன்பட்டிருக்கிறேன். அவர் பிழை செய்திராவிட்டால், 'ரொம்ப ரொம்ப நன்றி' எனக்குப் போனில்தான் வந்திருக்கும். வாசலுக்கு ஆளாக வந்திருக்காது.

"அக்கா, அந்த..." என்று ஆரம்பித்தேன். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்தான். அவர் கையும் துணி மேல் அப்படியே நின்றது. நான் என்ன கேட்கப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிடுவார் என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் கடைக்குள் யாரோ வந்தார்கள். கவுண்டர் மேல் ஒரு பொட்டலம் பொத்தென்று விழுந்தது.

"என்னக்கா இப்படித் தச்சிருக்கீங்க? கீழ் மடிப்பு ஒரு பக்கம் இறங்கிப் போச்சு. இதோ, அரை விரக்கடை."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். வந்தவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் எழுதப் போவதில்லை.

"கோணலாவா இருக்கு?" என்றார்.

"பளிச்சுன்னு தெரியுது. முன்னெல்லாம்னா விட்டிருப்பேன், எனக்கென்ன தெரியும்? இப்போ தெரியுதே. தெரிஞ்சப்புறம் எப்படிச் சும்மா மாட்டறது?"

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். ஒரு கோணல் தையலுக்கு யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். சிரித்துச் சிரித்து, தையல் இயந்திரத்து நாற்காலியில் உட்கார்ந்து, அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? சார், நீங்களே சொல்லுங்க. இங்க பாருங்க, கோணலா இல்லையா?"

என்னைத்தான்.

முறைப்படி இங்கே முடிவு வர வேண்டும். நான் எழுதப் போவதில்லை. இப்போது கடையில் என் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். திரும்ப வேண்டும், கூப்பிட்டவருக்குத் திரும்பாமல் இருப்பது மரியாதை இல்லை. விரித்துப் பிடித்திருக்கும் துணியின் அடி விளிம்பைப் பார்க்க வேண்டும். அதற்கு மேலே, துணியைப் பிடித்திருக்கும் கைகளுக்கு மேலே, பார்வையை உயர்த்துவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. உயர்த்தினீர்கள் என்றால் எனக்கு எழுதிச் சொல்ல வேண்டாம்.

கேட்ட கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லிவிட்டேன்.

"ஆமாங்க, கோணல்தான். நல்லாப் பார்த்திருக்கீங்க."